அலாரம் அடிக்காத உப்பு

நான் எழுதிய கணினி நிரல் ஒன்று ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தது. அதைத் தடுத்ததும் நான்தான் என்று பெருமை அடிக்கலாம், அடிக்கத்தான் போகிறேன். ஆனால் முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைக் கேட்கிறவர்களுக்குப் பொறுக்கும்.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் சில சிறிய குடிநீர் நிலையங்களை நடத்துகிறது. தீவுக் கிணறுகள் அநேகம் உவர். அந்தத் தண்ணீரை மெல்லிய சவ்வொன்றின் ஊடாக அழுத்தித் தள்ளினால் உப்பு பின்னால் நின்றுவிடும். வெளியே வருவது சுத்தமான தண்ணீர்தான், ஆனால் வாயில் வைத்தால் சப்பென்றிருக்கும். ஆகையால் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரைத் திரும்பவும் அதில் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதை ஒரு வால்வு பார்த்துக்கொள்ளும். அந்த வால்வுக்குச் சொல்லிக்கொடுப்பது, வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற குழாயில் இருக்கும் உப்பு மீற்றர். மீற்றர் கூடக் காட்டினால் வால்வு கொஞ்சம் மூடும், குறையக் காட்டினால் கொஞ்சம் திறக்கும். ஆள் கை வைக்கத் தேவையில்லை.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று யாழ்ப்பாணத்தில் இருந்தபடி பார்ப்பதுதான் என் நிரலின் வேலை. நிலையம் எப்படி ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஓட வேண்டிய விதத்துக்கும் மீற்றர் காட்டுவதற்கும் இடைவெளி வந்தால் அலாரம் அடிக்கும். வராவிட்டால் திரையில் பச்சை எழுத்தில் 'பிழை இல்லை' என்று போடும். அந்த இரண்டு சொற்களையும் எழுதியவள் நான். வேலணையில் இருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவளாக இருந்தாலும், இத்தனை தீவுகளையும் ஒரே திரையில் வைத்திருக்கிறேன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அது இறங்கியது நெடுந்தீவில்.

மாரி தொடங்கிய பிறகு அங்கிருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. தண்ணீர் உவர்க்கிறது என்றார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற அன்ரி ஒருவர் வாரத்துக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். எங்கள் தண்ணீரில் பால் திரைகிறதாம். நான் திரையைப் பார்ப்பேன். மீற்றர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது. 'பிழை இல்லை.' அன்ரியின் பால்தான் பிழை என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்.

பிறகு ஊரவர்கள் ஒரு போத்தலில் தண்ணீரை அடைத்து அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அளந்து பார்த்தால் உண்மையிலேயே உவர். எங்கள் மேலதிகாரி போத்தலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர்.

"குழாயால வரேக்க தண்ணி நல்லது எண்டு மீற்றர் சொல்லுது. நீர் எழுதின புரோகிராமும் பிழை இல்லை எண்டு சொல்லுது. அப்ப தாங்கிக்குள்ள போன பிறகுதானே உப்பு வந்திருக்கோணும்?"

"ஓம் சேர்."

"தாங்கிக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?"

அங்கே நிற்பவர் ஒரு அக்கா. நிலையத்தைத் திறப்பதும் ஓட்டுவதும் பூட்டுவதும் அவர்தான். கணவர் கடலுக்குப் போகிறவர், அவர்களுடையது பரம்பரையாகக் கடற்றொழில் செய்யும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். சவ்வு வழியாகத் தாங்கி நிறைய அரை நாள் பிடிக்கும். அக்கா நேரத்துக்கு வீட்டுக்குப் போவதற்காகக் கிணற்று மோட்டரைப் போட்டு நேரே தாங்கியை நிரப்புகிறார் என்று மேலதிகாரி முடிவுகட்டினார். நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. என் நிரல் அல்லவா சாட்சி.

ஒரு தரம் நேரே போய்ப் பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள். நெடுந்தீவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போவது நடக்கிற காரியம் இல்லை. குறிகாட்டுவான் துறையில் வள்ளத்தில் ஏறும்போதே கையில் இருந்த கருவிப் பெட்டியைப் பார்த்து, "தண்ணி பாக்கவோ போறியள்?" என்று ஒருவர் கேட்டார். ஒரு மணி நேரம் கடலில் ஆடி இறங்கியபோது, நான் வருகிற செய்தி எனக்கு முன்னரே கரை ஏறியிருந்தது. அலுவலகத்திலிருந்தும் முதல் நாளே அறிவித்திருந்தார்கள், அது எங்கள் வழக்கம்.

நிலையம் பளிச்சென்றிருந்தது. நிலம் கழுவி ஈரம் காயாமல் கிடந்தது. குழாய்கள் மினுங்கின. மேசையில் ஒரு பீங்கானில் பிழிந்த தேசிக்காய்த் தோல்கள் கிடந்தன. யாருக்கோ சர்பத் கரைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கைமீற்றரைக் குழாயில் பிடித்து அளந்தேன். அதுவும் திரையும் ஒன்றையே காட்டின. தண்ணீரைக் குடித்தும் பார்த்தேன், குறை சொல்ல ஏதும் இல்லை.

திரும்பும் வழியில் கடைக்கார அன்ரி மறித்தார். "நீங்கள் வாற நாளில எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு மாதம் கழிச்சு வந்து குடிச்சுப் பாருங்கோ."

அதை அப்படியே போய் மேலதிகாரியிடம் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பாத்தீரோ? நாங்கள் போனால் கொஞ்ச நாளுக்குப் பயம் இருக்கும். பிறகு பழைய குணம்."

தைப்பொங்கல் கழிந்து நெடுந்தீவிலேயே விசாரணை என்று திகதி குறித்தார்கள். வேலைநீக்கக் கடிதம் தயாரானது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அன்று பின்னேரம் அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், நான் அப்பிடிச் செய்யேல்ல."

"மெசின் பிழை இல்லை எண்டு காட்டுதே அக்கா."

"வேலை போனால் போகட்டும். ஊருக்குக் குடிக்கக் குடுக்கிற தண்ணியில கள்ளம் செய்தவள் எண்டு பேர் எடுத்துக்கொண்டு நான் கோயிலுக்கு எப்பிடிப் போறது? உங்கட மெசினை ஒருக்கால் வடிவாக் கேட்டுப்பாருங்கோ மிஸ்."

கெஞ்சவில்லை. கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம்தான் என்னைக் குத்தியது. கள்ளம் செய்தவர்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிக் கதைக்கமாட்டார்கள் என்று மட்டும் பட்டது.

சரி, மெசினைக் கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். நிரலிடம் நான் கேட்ட கேள்வி இதுதான்: தண்ணீர் உவர்த்தும் நீ பேசாமல் இருக்க வழி உண்டா?

கொப்பியின் இடது பக்கத்தில் ஒரு உலகத்தை எழுதினேன். அங்கே மீற்றர் நல்லது. மாரி மழை பெய்து கிணற்றின் உவர் கிழமைக்குக் கிழமை குறைகிறது. உவர் குறைந்த தண்ணீரைக் கூடக் கலந்தால்தான் அதே ருசி வரும், ஆகவே வால்வு மெல்ல மெல்லத் திறக்கிறது. மீற்றர் அசையாமல் நிற்கிறது. எல்லாம் சுகம்.

வலது பக்கத்தில் இன்னோர் உலகம். இங்கே கிணறு மாறவில்லை. மீற்றர்தான் கிழமைக்குக் கிழமை குறைத்துச் சொல்லத் தொடங்குகிறது. குறையக் காட்டினால் வால்வு என்ன செய்யும்? திறக்கும். திறக்கத் திறக்க மீற்றர் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தண்ணீர் உவர்க்கும். மீற்றர் அசையாது.

இரண்டு பக்கத்திலும் திரைக்கு வரும் எண்களை வரிசையாக எழுதினேன். வால்வு, மீற்றர், வால்வு, மீற்றர். இடது பக்கத்தை வலது பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு எழுத்தும் விலகவில்லை. கிணற்றுக்குள் ஒரு மீற்றர் இருந்திருந்தால் பிரித்திருக்கலாம். அது தேவையில்லை என்று வாங்காமல் விட்டிருந்தார்கள். ஆக, என் நிரலை விடு, உலகத்தில் எந்தக் கெட்டிக்காரன் வந்து எந்த நிரலை எழுதினாலும், இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அது மழையா பொய்யா என்று சொல்லவே ஏலாது. இன்னும் மூளையைக் கசக்கினால் வரும் என்ற விஷயம் அல்ல இது. ஒரே எண்களைத் தருகிற இரண்டு உலகங்களை எண்களைப் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை.

விசித்திரம் என்னவென்றால் எனக்கு அழுகை வரவில்லை, சந்தோசம் வந்தது. என் நிரலுக்குக் கண் தெரியாத இடம் எது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டேனே. முடியாது என்பதை இவ்வளவு சுத்தமாக நிறுவ முடிந்தால் அதுவும் ஒரு வெற்றிதான். பிறகுதான் பயம் பிடித்தது. நல்லது செய்கிற வால்வே குற்றத்தை மூடி மறைக்கிறது என்றால், தீங்கு செய்ய வேண்டுமென்றே ஒருவன் வந்தாலும் இதைத்தான் செய்வான். மழையை விட வேகமாகப் போகாமல், மீற்றரை மெல்ல மெல்லப் பொய் சொல்ல வைப்பான். ஊர் முழுக்க உப்புத் தண்ணீர் குடிக்கும், நான் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன்.

ஆனால் இது அக்காவைக் காப்பாற்றப் போதாது. 'மீற்றர் பொய் சொல்லியிருக்கலாம்' என்பது ஒரு கதை, 'அக்கா கள்ளம் செய்தார்' என்பது இன்னொரு கதை. மேலதிகாரிக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. நாங்கள் போன நாளில் மீற்றர் சரியாகத்தானே இருந்தது என்று கேட்பார்.

மறுநாள் வால்வு மாரி முழுக்க எப்படித் திறந்தது என்பதைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். ஏறிக்கொண்டே போன கோடு சில நாட்களில் சடாரென்று விழுந்து, திரும்பவும் முதலில் இருந்து ஏறியது. அந்த வீழ்ச்சிகளுக்கு என் நிரல் ஏன் கத்தவில்லை? தேடிப் பார்த்தால் அதற்கும் காரணம் நான்தான். நிலையத்தை நிற்பாட்டித் திரும்ப ஓட்டும்போது முதல் ஒரு மணி நேரம் எண்கள் துள்ளும், அலாரம் அடித்து மேலதிகாரியின் பொறுமையைச் சோதிக்கும். அதனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்காதே என்று நிரலுக்கு ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அது கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

விழுந்த நாட்களைக் குறித்தேன். நான் போன நாள். எனக்கு முன் அலுவலகத்திலிருந்து வேறொருவர் போன நாள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள். ஆங்கில வருசப் பிறப்புக்கு முதல் நாள். மழை கிணற்றின் உவரைக் குறைக்கும், ஆனால் நத்தாருக்கு முதல் நாள் ஒரு மணி நேரத்தில் அந்த உவரைத் திருப்பிக் கொண்டுவந்து போட எந்த மழையாலும் ஏலாது.

தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா, நத்தாருக்கு முதல் நாள் நிலையத்தில என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது, கழுவினனான். பெருநாளுக்கு வீட்டைக் கழுவிப்போட்டு இதைக் கழுவாமல் விடுறதே?"

"எதைக் கழுவினனீங்கள்?"

"எல்லாத்தையும். நிலம், குழாய், தாங்கி மூடி."

"மீற்றரை?"

"நிப்பாட்டிப்போட்டுத்தான் மிஸ் கழட்டினனான். பிழையே? அதின்ர முனையில வெள்ளையாச் சுண்ணாம்பு பிடிச்சுக் கிடந்தது, தண்ணி கொதிக்கிற கேத்தல் மாதிரி. தேசிக்காய் போட்டுத் தேய்ச்சனான். ஆக்கள் வரேக்கயும் அப்பிடித்தான் செய்யிறனான். வாறவை ஊத்தையைக் கண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். நெடுந்தீவு சுண்ணாம்புக் கல் பூமி. அந்தத் தண்ணீர் தொட்ட எதிலும் வெள்ளை படியும். மீற்றரின் முனையில் படிந்தால் அது உப்பைக் குறைத்துத்தான் காட்டும். தேசிக்காய்ப் புளி அதைக் கரைத்துவிடும். நாங்கள் அளக்கப் போன ஒவ்வொரு தரமும், விருந்தாளிக்கு வீடு துடைப்பதுபோல, குற்றவாளியைக் குளிப்பாட்டி எங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறார். நாங்களும் முதல் நாளே அறிவித்து அதற்கு நேரம் கொடுத்திருக்கிறோம்.

"அக்கா, விசாரணை நாளுக்கு மீற்றரைக் கழுவவேண்டாம்."

"பெரியாக்கள் வரேக்க ஊத்தையா வைச்சிருக்கச் சொல்லுறீங்கள். அதையும் சேத்து எழுதி என்னை வேலையால கலைக்கவோ மிஸ்?"

நம்பச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? என் நிரல்தான் அவரைக் கள்ளியாக்கியது. ஆகவே அதையே சொன்னேன். என்ர புரோகிராமுக்குக் கண் தெரியாது அக்கா, நான் ஒத்துக்கொள்ளுறன், ஆனால் அதை அவைக்குக் காட்ட எனக்கு அந்த ஊத்தை வேணும் என்றேன். கடைசியில், "சரி, அது ஒண்டை மட்டும் விடுறன்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. விசாரணை நாளில் நாங்கள் போய் இறங்கியபோது நிலையம் கண்ணாடியாக இருந்தது. மீற்றர் இருந்த இடத்தை மட்டும் வெட்கப்பட்டு ஒரு பூப்போட்ட துணியால் மூடியிருந்தார். கடைக்கார அன்ரி முறைப்பாட்டுக்காரர் என்ற முறையில் வந்து வாசலருகே கதிரை போட்டு இருந்தார். மேலதிகாரி கடித உறையை மேசையில் வைத்தார். அக்கா அதைப் பார்க்காமல் நின்றார்.

அந்த ஒரு மணி நேரம் கண்ணை மூடும் வரியை முதல் நாளே நிரலில் இருந்து அழித்துவிட்டு வந்திருந்தேன். மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பச்சை எழுத்து: 'பிழை இல்லை.' கைமீற்றரைக் குழாயில் பிடித்தேன். திரையில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு காட்டியது.

"உம்மட கைமீற்றர் பழுது போல" என்றார் மேலதிகாரி.

இதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் அளந்து கரைத்த உப்புத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். கைமீற்றரை அதில் வைத்தேன். போத்தலில் எழுதியிருந்த எண்ணே வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, இனிக் கழுவுங்கோ" என்றேன்.

அவர் நிலையத்தை நிற்பாட்டி, துணியை எடுத்து, மீற்றரைக் கழற்றினார். முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. தேசிக்காயை வெட்டித் தேய்த்தார். நாள்கணக்காக அடக்கிவைத்திருந்த கை, அப்படித் தேய்த்தது. திரும்பப் பூட்டி ஓட்டினார்.

அலாரம் அடித்தது.

நான் எழுதிய நாளில் இருந்து நெடுந்தீவுக்காக அது அடித்த முதல் அலாரம். திரை சிவப்பானது. சின்ன அறைக்குள் அந்தச் சத்தம் காதைப் பிய்த்தது. எனக்கு நிற்பாட்ட மனம் வரவில்லை. வால்வு தானாக மூடத் தொடங்கியது. மீற்றர் இறங்கிக்கொண்டே வந்தது. கைமீற்றரைப் பிடித்தால் அதுவும் கூடவே இறங்கியது. கடைசியில் இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும்?" என்று கேட்டார் மேலதிகாரி.

"இவ்வளவு நாளும் என்ர புரோகிராமும் உங்கட கடிதமும் இந்த ஊத்தைக்குள்ளாலதான் பாத்தது சேர்."

அவரிடம் இப்படி நான் கதைத்தது அதுதான் முதல் தரம். அவர் கோபப்படவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். "கழுவினதை ஏன் ஒரு இடமும் எழுதி வைக்கேல்ல?"

"வீடு கூட்டினதை ஆரும் எழுதி வைக்கிறதே சேர்?"

அவர் உறையை எடுத்து, நான்காகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லோர் முன்னாலும், தெளிவாகக் கேட்டார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

இப்போது கிணற்றுக்குள்ளும் ஒரு மீற்றர் இருக்கிறது. மழையையும் பொய்யையும் பிரிக்க அது போதும். அந்த இரண்டு மீற்றர்களும் ஒன்றுசேர்ந்து பொய் சொன்னால்? அப்போதும் நிரல் பேசாமல்தான் இருக்கும், அந்த எல்லை தள்ளிப்போயிருக்கிறதே தவிர ஒழிந்துபோகவில்லை. அதனால் திங்கட்கிழமை தோறும் மீற்றர்களைத் தேய்த்துக் குறிப்பெழுத ஒரு படிவம் அடித்திருக்கிறோம். திரையில் இருந்த பச்சை எழுத்தையும் மாற்றிவிட்டேன். 'பிழை தெரியவில்லை' என்று வருகிறது. அதற்கு மேல் சொல்ல அதற்கு உரிமை இல்லை.

அன்றைக்கு நாங்கள் வெளிக்கிடும்போது கடைக்கார அன்ரி புதுத் தண்ணீரில் பால்தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். பால் திரையவில்லை. முதல் கோப்பையை மேலதிகாரிக்குக் கொடுக்காமல் அக்காவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார். அக்கா குடித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

இறங்குதுறை வரை அக்கா என்னுடன் நடந்து வந்தார். கைகளில் தேசிக்காய் மணம் போகவில்லை. வள்ளத்தில் கால் வைக்கும்போது என் பெட்டியை எடுத்துத் தந்தபடி சொன்னார்.

"இனிமேல் சொல்லாமல் வாங்கோ மிஸ். சொன்னால் நான் கழுவிப்போடுவன்."